ஐப்பசி மாதத்து ஏரிக்கரைப் பறவைகளும் குடியானவரும்

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் சமயத்தில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் ஒரு பக்கம் நிலக்கடலை பிடுங்கும் வேலையும், மற்றொரு பக்கம் பின்பட்டச் சாகுபடிக்காக நிலத்தை உழும் வேலையும் நடைபெறுகின்றன. சோளம் கதிர் வாங்குகிறது. துவரையும் ஆமணக்கும் பூக்கத் தொடங்குகின்றன. ஏரிகளிற் புதுத் தண்ணீர் வந்து சேருகிறது. செடிகளிற் பூச்சியும் புழுவும் பெருகுவதும் இக்காலத்திலேதான். இதே நாட்களில் வடதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து பலவகைப் பறவைகள் இச்சமவெளியில் வந்து இறங்குகின்றன. இவ்வரவைக் குடியானவர்களிற் பெரும்பாலோர் கண்ணாற் கண்டும் கருத்திற் கொள்வதில்லை. வயலில் இறங்கும் பறவை யாதாயினும் தானியத்தைத் தின்னவே வந்தது என்று எண்ணி விரட்டுவோரும் உளர். வந்தது இன்ன பறவை, அதன் ஆகாரம் இன்னது என்று அறிந்த குடியானவர் எதனை விரட்ட வேண்டும், எதனை இருத்திக்கொள்ள வேண்டும் என்பதனையும் அறிவார். அவ்வறிவைப் பெறுவதற்கு எளிய வழி, அனுபவமுள்ள ஒருவரின் துணையுடன் விடியற்காலையில் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நடந்து பார்ப்பதேயாகும்.

காலமும் இடமும்

வடதேசங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களிற் குளிர் தொடங்கியதும் பூச்சி புழுக்கள் மறைகின்றன. நீர்நிலைகள் உறையத் தலைப்படுகின்றன. ஆகவே அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் இரை தேடித் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சைபீரியா, கஸாக்ஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வரும் இப்பெருவழியை மத்திய ஆசிய வலசைப் பாதை என்று வழங்குவர். ஆவணி இறுதியில் முதற் பறவைகள் வந்து சேருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரவு நிறைவெய்துகிறது. பங்குனி, சித்திரையில் அவை திரும்பிச் செல்கின்றன.

இவற்றைக் காண்பதற்குச் சேலம் நகரத்தாருக்கு மிகவும் அண்மையிலுள்ள இடம் சேர்வராயன் மலையடிவாரத்திற் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியாகும். ஏறக்குறைய 58 ஏக்கர் பரப்புள்ள இவ்வேரி கழிவுகளாலும் வண்டலாலும் கெட்டுக் கிடந்தது. 2010-ஆம் வருஷத்திற் சேலம் நகர மக்கள் குழுவினர் முன்வந்து இதனைத் தூர்வாரினர். வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, அவற்றின்மேல் மரக்கன்றுகளை நட்டனர். இப்பொழுது அத்திட்டுகளில் வளர்ந்துள்ள மரங்களிற் கொக்குகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் அடைகின்றன. நீர் தங்குவதற்காகச் செய்த வேலை பறவைகள் தங்குவதற்கும் உதவியது கவனிக்கத்தக்கது.

1997-ஆம் வருஷத்திற் சேலம் ஜில்லாவினின்று பிரிக்கப்பட்ட நாமக்கல் ஜில்லாவில் தூசூர் ஏரியும், காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையம், மோகனூர் முதலிய ஊர்களின் நன்செய்ப் பகுதிகளும் இதற்கு ஏற்றவை. சிற்றூர்களிலுள்ள எந்த ஏரியும், தண்ணீர் வற்றாதிருக்குமாயின், இதற்குப் போதுமானதே.

சேலம் பறவையியல் கழகம் முதலிய ஆர்வலர் குழுக்கள் இவ்விதமான நடைகளையும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையும் நடத்தி வருகின்றன. அக்டோபர் 2 முதல் 8 வரையுள்ள வனவிலங்கு வாரம், அம்மாதத்து இரண்டாம் சனிக்கிழமையன்று வரும் உலக வலசைப் பறவைகள் தினம், பறவையியல் அறிஞர் சாலிம் அலி பிறந்த நவம்பர் 12 ஆகியவை இந்நடைகளுக்கு உகந்த நாட்களாகக் கொள்ளப்படுகின்றன.

நடையின் முறை

காலை 6 மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குள் முடித்துக்கொள்வது நலம். வெயில் ஏறியபின் பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருத்தலாகாது. பளபளக்கும் நிறத்து உடைகளை விடுத்து மண்ணிறமோ பச்சையோ அணிதல் வேண்டும். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று பார்த்தாற் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். சூரியனை நோக்கி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தோன்றும். பைனாகுலர் என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றிரண்டு இருந்தால் பலரும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அது இல்லாதவரும் கூர்ந்த கண்ணுடன் பெரும்பான்மையான பறவைகளை இனங்காணக்கூடும்.

புதிதாக வருவோர்க்கு வழிகாட்டி முதலிற் கற்பிப்பது ஐந்து விஷயங்களை நோக்குதலாகும். பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகத்தின் அளவா என்பது ஒன்று. அலகு நீண்டதா, குட்டையானதா, நுனி வளைந்ததா என்பது இரண்டு. வாலின் அமைப்பு மூன்று. காலின் நீளமும் நிறமும் நான்கு. அது அவ்வமயம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஐந்து. இவ்வைந்தனுள் கடைசியானதே குடியானவருக்கு முக்கியமானது. ஒரு பறவை தன் அலகினால் எதை எடுக்கிறது என்பதை ஐந்து நிமிஷம் பொறுமையுடன் பார்த்தவர், அதனை நண்பன் என்றோ பகை என்றோ பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதில்லை.

ஏரிக்கரையிற் காண்பவை

கரையின்மேல் ஏறியதும் ஆழமான நீர்ப்பகுதியில் முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவை மிதப்பதைக் காணலாம். இவை வருஷம் முழுவதும் இங்கே வசிப்பவை. இவற்றுடன் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய வடநாட்டு வாத்துகளும் குளிர்காலத்திற் சேர்ந்திருப்பதுண்டு.

ஆனால் நடையில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் ஆழமான நீர் அன்று; சேறும் ஓரடி நீரும் கலந்த விளிம்பேயாகும். நீரில் அடித்து வந்த வண்டலிற் புழுக்களும் நத்தைகளும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நிறைந்திருக்கின்றன. பொரி உள்ளான், பச்சைக்கால் உள்ளான், கோரை உள்ளான் ஆகியவை தத்தம் அலகின் நீளத்திற்கேற்ப மேற்சேற்றிலும் ஆழ்சேற்றிலும் இரை எடுக்கின்றன. சைபீரியாவின் சதுப்பு நிலங்களிற் குஞ்சு பொரித்த பொரி உள்ளான், ஓமலூர்த் தாலுகாவின் ஒரு சிற்றேரியில் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பதைக் காண்பவர், இந்த ஏரியின் விளிம்பு எத்துணை தூரத்து உயிர்களுக்குப் பயன்படுகிறது என்பதை உணர்வர். நத்தைகுத்தி நாரை தன் இடைவெளியுள்ள அலகினால் நத்தையின் ஓட்டினின்று சதையைப் பிரித்தெடுக்கிறது. நெல் வயல்களில் நத்தையினால் தொல்லைப்படுவோர்க்கு இதன் உதவி கண்கூடு.

ஏரியைத் தூர்வாருங்கால் நான்கு பக்கமும் கிணற்றைப்போலச் செங்குத்தாக வெட்டிக் கரையைக் கல்லினாற் கட்டிவிட்டால் இவ்விளிம்பு இல்லாமற் போகிறது. நீர் அதிகம் நின்றாலும் உள்ளான்களுக்கும் நாரைகளுக்கும் அங்கே நிற்க இடமில்லை. ஆகையால் ஒரு பக்கத்தையாவது சரிவாக விட்டுத் தூர்வாருதல் வேண்டும். கால்நடைகள் நீர் குடிக்க இறங்குவதற்கும் அச்சரிவே வசதியானது.

வயலோரத்திற் காண்பவை

ஏரியின் மதகு வழியாகக் கீழே இறங்கினால் நடை வயலுக்குள் வந்து சேருகிறது. அங்கே முதலிற் கண்ணிற் படுவது கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் வலியன் என்றும் இதனை அழைப்பர். செடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியின்மேல் அமர்ந்து, பறக்கும் அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பாய்ந்து பிடித்து, மறுபடியும் அதே குச்சிக்குத் திரும்புகிறது. பருப்புப் பயிர்களிலும் பருத்தியிலும் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த ஹெக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகளை நாட்டும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுவது இப்பறவையின் இயல்பை ஒட்டியே. பயிரின் உயரத்திற்குமேல் ஒன்றிரண்டு அடி நிற்குமாறு குறுக்குக் குச்சி கட்டிய கழி போதுமானது. செலவு ஏறக்குறைய இல்லை. ஆயினும் சோளம் முதலிய தானியப் பயிர்களில் மணி பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவை ஆசனமாகிவிடும்.

கடலை பிடுங்கிய நிலத்தில் ஏர் ஓடும்பொழுது உண்ணிக்கொக்குகளும் மைனாக்களும் பின்தொடர்வதைக் காணாதார் இலர். கலப்பை புரட்டும் மண்ணில் வெளிப்படும் வெள்ளைப் புழுக்களையும், கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழுக்களையும், பிள்ளைப்பூச்சிகளையும் அவை பொறுக்கித் தின்கின்றன. டிராக்டரைக் கொண்டு இரவில் உழுதுவிட்டால் இவ்வேலை நடைபெறுவதில்லை. மேல்வந்த புழுக்கள் விடிவதற்குள் மறுபடியும் மண்ணுக்குட் புகுந்துவிடுகின்றன. ஆகையால் பகலில், அதுவும் காலையில் உழுவது நலம்.

வலசை வந்தவற்றுள் வாலாட்டிகள் உழவுச் சாலின்மேல் ஓடித் திரிகின்றன. மஞ்சள் வாலாட்டி ஈரநிலத்திலும், சாம்பல் வாலாட்டி ஏற்காட்டு ஓடைகளின் பாறைகளிலும் அதிகமாகக் காணப்படும். தகைவிலான்கள் வயலின்மேல் தாழப் பறந்து சிறு பூச்சிகளை வாயிற் பிடிக்கின்றன. பூனைப்பருந்துகள் மானாவாரி நிலத்தின்மேல் இறகை அசைக்காமல் மிதந்து சென்று வெட்டுக்கிளிகளையும் எலிகளையும் தேடுகின்றன.

கிளுவை வேலிக்கு அருகில் வழிகாட்டி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்துவதுண்டு. வேலிக்குள்ளிருந்து ‘சக், சக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். அது வடக்கேயிருந்து வந்த கதிர்க்குருவியாகும். அதன் எடை ஏறக்குறைய 12 கிராமே. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த இச்சிறு பறவை குளிர்காலம் முழுவதும் வேலியின் இலைகளினடியிலுள்ள பூச்சிகளையும் முட்டைகளையும் பொறுக்கியெடுக்கிறது. அதே வேலியின் உச்சியில் பழுப்புக் கீச்சான் அமர்ந்திருக்கும். வடகிழக்கு ஆசியாவிலிருந்து வரும் இப்பறவை வருஷந்தோறும் அதே வேலிக்கு, அதே கொம்புக்குத் திரும்புவதுண்டு. வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நாட்டிய நிலத்தில் இவ்விரண்டும் தங்குவதில்லை.

மரத்தோப்புகளிற் புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். விடியற்காலையிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதற்கு இப்பெயர். பச்சை, நீலம், சிவப்பு முதலிய பல நிறங்களுள்ள அப்பறவை வழிப்பயணத்திற் களைத்து வீட்டுத் தோட்டங்களில் விழுந்து கிடப்பதுண்டு. அதனைக் கூண்டிலடைக்காமல் நிழலில் ஓர் அட்டைப்பெட்டியில் அமைதியாக வைத்திருந்தாற் களைப்புத் தீர்ந்து தானே பறந்துபோகும். காயம் பட்டிருந்தால் வனத்துறையாருக்குச் சொல்ல வேண்டும்.

குற்றஞ் சாட்டப்படும் பறவைகள்

எல்லாப் பறவையும் எக்காலத்தும் உபகாரம் செய்வதில்லை. இதனை மறைப்பதிற் பிரயோஜனமில்லை. சோளக்குருவி என்றும் சூறைக்குருவி என்றும் வழங்கும் பறவை இதற்குத் தக்க உதாரணம். உடல் இளஞ்சிவப்பும் தலை கறுப்புமாயுள்ள இது மத்திய ஆசியாவிலிருந்து பெருங்கூட்டமாக வருகிறது. தன் சொந்த நாட்டில் இது வெட்டுக்கிளிகளைத் தின்றே குஞ்சுகளை வளர்க்கிறது. சீனத்தின் சிஞ்சியாங் பிரதேசத்தில் மேய்ச்சல் நிலங்களை வெட்டுக்கிளியினின்று காக்க, இப்பறவை கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்களை அமைத்து வைத்திருக்கின்றனர். ஆனால் இச்சமவெளியில் சோளம் பால் பிடித்திருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் இதே பறவை கதிரின்மேல் இறங்கிச் சேதம் விளைவிக்கிறது. அவ்வாரங்களில் காவலிருந்து விரட்டுதல் நியாயமே. மற்ற நாட்களில் அது வெட்டுக்கிளியையும் புழுவையும் தின்னும்பொழுது விரட்டுதல் நஷ்டமே. ஆகவே பறவையைக் குறித்துச் சொல்லும் தீர்ப்பு, பயிரின் பருவத்தையும் குறித்ததாக இருத்தல் வேண்டும்.

இந்தப் பகுத்தறிவின்றிச் செய்த காரியத்தின் விளைவைச் சீன தேசம் ஒரு முறை அனுபவித்தது. 1958-ஆம் வருஷத்தில் அங்கே சிட்டுக்குருவிகளைத் தானியத்தின் பகை என்று அறிவித்து, நாடு முழுவதும் ஜனங்களைத் திரட்டி அவற்றைக் கொன்றனர். குருவிகள் தானியத்தைத் தின்றது உண்மை; அவை பூச்சிகளைத் தின்றதும் உண்மை. பூச்சிகள் பெருகியபின், 1960-இல் குருவியைப் பகைப் பட்டியலினின்று நீக்கினர். இந்தியாவில் இதற்கு நெடுநாள் முன்னரே, 1912-இல், பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மேசன் என்பவர் லெப்ராய் என்னும் பூச்சியியல் நிபுணருடன் சேர்ந்து, பறவைகளின் இரைப்பைகளைப் பரிசோதித்து அவற்றினுள் இருந்தது என்ன என்பதை வகைவகையாக எழுதி வெளியிட்டார். பறவைகளைக் குறித்துக் கருதும் எவரும் கைக்கொள்ள வேண்டிய முறை அதுவே: முதலிற் பார்த்தல், பின்பு தீர்மானித்தல்.

மயிலின் விஷயம் இன்னும் கடினமானது. 1963-ஆம் வருஷத்தில் தேசியப் பறவையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட மயில், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்தது. அதனைக் கொல்வதும் விஷம் வைப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். அதே சமயம் முளைத்த விதையையும் கடலையையும் தக்காளியையும் மயில்கள் அழிப்பதனால் நஷ்டமடையும் சிறு குடியானவரின் மனவருத்தம் நியாயமானதே. அவருக்கு மயிலின் அழகைப் புகழ்ந்து சொல்வதிற் பயனில்லை. விதைத்தது முதல் முளை நிலைபெறும் வரையுள்ள நாட்களில் ஒளி வீசும் நாடாவைக் கிழமேற்காகக் கட்டுதல், நாற்றங்காலுக்கு வலையிடுதல், அண்டை நிலத்தாருடன் சேர்ந்து ஒரே சமயத்தில் விதைத்துச் சேதம் ஒருவர் நிலத்திலேயே குவியாமற் செய்தல் ஆகியவையே சட்டத்திற்கு உட்பட்ட வழிகள்.

மேலும், பூச்சிகள் எல்லாவற்றிற்கும் பறவை மருந்தாகாது. இப்பகுதியின் முக்கியப் பயிராகிய மரவள்ளியை 2020-ஆம் வருஷத்திற்குப் பின் வந்து தாக்கிய மாவுப்பூச்சியைப் பறவைகள் அடக்கவில்லை. அதற்கெனப் பிறநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட வேண்டியதாயிற்று. எந்தப் பூச்சிக்கு எந்த எதிரி என்று அறிந்து செயலாற்றுவதே விவேகம்.

கோழிப்பண்ணையாளர் கவனத்திற்கு

நாமக்கல் ஜில்லா முட்டை உற்பத்தியிற் பெயர் பெற்றது. வலசைப் பறவைகள் என்றதும் கோழிப்பண்ணையாளருக்கு முதலில் நினைவுக்கு வருவது பறவைக் காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 2006-ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்து நவாபூரில் கோழிகளிடத்தே கண்டறியப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகள் நோய்க்கிருமியைச் சுமந்து வருதல் கூடுமாதலின் அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் ஏரிப் பறவைகளைத் துரத்துவதனால் அவை வேறு ஏரிக்குச் செல்லுமேயன்றி நோய் தடைப்படாது. பண்ணையின் கொட்டகைக்குள் வெளிப்பறவை நுழையாதபடி கம்பிவலை அடித்தல், கொட்டகைக்கருகில் தீவனம் சிந்தாதிருத்தல், ஏரி நீரை அப்படியே கோழிகளுக்குக் கொடாமற் சுத்திகரித்துக் கொடுத்தல், பண்ணைக்குள் வாத்து வளர்க்காதிருத்தல் ஆகியவையே உண்மையான காப்பு. கோழிப்பண்ணையில் வேலை செய்வோர் ஏரிக்கரை நடைக்கு வருவதிற் குற்றமில்லை. ஆனால் அன்றைய செருப்பையும் உடையையும் மாற்றிக் குளித்த பின்னரே கொட்டகைக்குட் புகுதல் வேண்டும். ஏரிக்கரையிற் செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொடாமல், பல பறவைகள் ஒருங்கே செத்திருப்பின் உடனே கால்நடைத்துறை அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும்.

குறைந்து வருபவை

சேலம் ஜில்லாவின் பறவைகளைக் குறித்த பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1929-30-இல் ஆர்தர் வெர்னே என்பவரின் பொருளுதவியைக் கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிற் பறவை ஆராய்ச்சி நடத்தினர். சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் அதிற் சேர்ந்தவை. விஸ்லர், கின்னியர் என்னும் இருவர் அதன் முடிவுகளை 1930 முதல் 1937 வரை எழுதி வெளியிட்டனர். அக்காலத்தில் பறவைகளைச் சுட்டு எடுத்தே ஆராய்ந்தனர். இக்காலத்திற் கண்ணாற் கண்டு எண்ணினாலே போதும். காண்பவர் தம் கணக்கை, அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் 2002-இல் தொடங்கிய ஈ-பேர்ட் என்னும் பதிவேட்டிற் கைத்தொலைபேசி மூலமாகவே சேர்க்கலாம்.

இவ்விதம் நாடெங்கும் சாதாரண மக்கள் சேர்த்த கணக்குகளைக் கொண்டு 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலைமையைக் குறித்த அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதில் 942 வகைப் பறவைகள் ஆராயப்பட்டன. நெடுங்காலப் போக்கை அறியப் போதிய கணக்குள்ள 338 வகைகளில் நூற்றுக்கு 60 குறைந்து வருகின்றன. திறந்த வெளிகளில் வாழ்ந்து பூச்சிகளைத் தின்னும் பறவைகள் குறைந்தவற்றுள் முக்கியமானவை. பனங்காடை அவற்றுள் ஒன்று. நீலச் சிறகை விரித்துப் பறந்து வெட்டுக்கிளியையும் வண்டையும் பிடிக்கும் அப்பறவை சமவெளியில் ஒரு தந்திக்கம்பிக்கு ஒன்றாக அமர்ந்திருந்தது முதியோர்க்கு நினைவிருக்கும். அதே அறிக்கையின்படி மயில்கள் மிகப் பெருகியுள்ளன. பயிருக்கு உதவுவது குறைந்து, பயிரை அழிப்பது பெருகுவது குடியானவருக்கு இரட்டை நஷ்டமாகும்.

இதற்கு ஹேதுக்கள் பல. பனங்காடையும் கூகையும் பொந்திற் கூடு வைப்பவை. பட்டுப்போன பனையை வெட்டிச் செங்கற் சூளைக்கு அனுப்பிவிட்டால் அவற்றிற்கு வீடில்லை. தமிழ்நாட்டிற் பனை மரங்களை வெட்ட ஜில்லா ஆட்சித் தலைவரின் அனுமதி பெற வேண்டும் என்று 2021-இல் விதிக்கப்பட்டது இவ்விஷயத்திலும் நன்மை தரக்கூடியது. சீமைக் கருவேல் அடர்ந்த ஏரியில் உள்ளான்கள் இறங்குவதில்லை. குருணை மருந்தை மண்ணின்மேல் தூவி மூடாமல் விட்டால் பறவைகள் அதனை விதையென்று பொறுக்கித் தின்று மடிகின்றன. எலிக்கு வைத்த விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அவ்வெலியைத் தின்ற கூகைக்கும் அவ்விஷம் ஏறுகிறது. கூகைகளின் முக்கிய இரையே எலியாதலின், விஷத்தாற் கூகை செத்தபின் எஞ்சிய எலிகள் தடையின்றிப் பெருகுகின்றன. மலேயா நாட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிற் கூகைகளுக்கென மரப்பெட்டிகளை வைத்து எலிகளை அடக்கி வருகின்றனர். கரும்பு, நெல் வயல்களின் ஓரத்திலும் அவ்வாறு செய்யலாம். ஆனால் பெட்டியையும் விஷத்தையும் ஒருங்கே வைத்தலாகாது.

ஊர்தோறும் செய்யத்தக்கது

பறவை காணும் நடைக்கு நகரத்திலிருந்து ஒருவர் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் ஒருவரும், ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரும் சேர்ந்தால் நல்ல வழிகாட்டிகளாவர். முன்னவருக்குப் புத்தகத்திலுள்ள பெயர் தெரியும்; பின்னவருக்குப் பறவை எங்கே அடையும், எங்கே முட்டையிடும் என்பது தெரியும். ஐப்பசியில் ஒரு நாள், தையில் ஒரு நாள், பங்குனியில் ஒரு நாள் என வருஷத்தில் மூன்று முறை ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடந்து எண்ணி எழுதி வைத்தாற் போதும். தேதி, நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது தின்றது என்ன, வயலிலுள்ள பயிர் யாது, அதன் பருவம் என்ன என்று எட்டுப் பத்திகளுள்ள ஒரு நோட்டுப் புத்தகம் இதற்கு வேண்டிய சாதனம். பெயர் தெரியாத பறவைக்கு ஊரில் வழங்கும் பெயரையே எழுதலாம்.

நடக்கும்பொழுது கூட்டின் அருகே செல்லாதிருத்தல், குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பிப் பறவையை அழைக்காதிருத்தல், உள்ளானுக்கும் காடைக்கும் கௌதாரிக்கும் கண்ணி வைப்போரைக் கண்டால் வனத்துறைக்கு அறிவித்தல் ஆகியவை யாவரும் அனுசரிக்க வேண்டியவை. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடுவதால் உழும்பொழுது அதன் கூட்டைக் கண்டால் இரண்டடி இடம் விட்டு உழுது போகலாம். குறைவது ஒரு பிடி மகசூலே.

மூன்று வருஷம் இக்கணக்கு தொடர்ந்து எழுதப்பட்ட ஊரில், சோளக்குருவி எந்த வாரத்தில் வரும் என்று முன்னரே தெரிந்து காவல் போடலாம். எந்த நிலத்திற் பறவைத் தாங்கி பலித்தது, எதிற் பலிக்கவில்லை என்று ஒப்பிடலாம். ஏரியைத் தூர்வாரும் ஒப்பந்தக்காரர் வரும்பொழுது, எந்தப் பக்கத்தைச் சரிவாக விட வேண்டும் என்று ஆதாரத்துடன் கேட்கலாம். இவ்வருஷம் ஐப்பசி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே இதனைத் தொடங்குதல் நலம். வடக்கேயிருந்து வருவன அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.